கீசரில் சொட்டும் குழாயை அடைக்கலாமா?

மார்கழி மாதம். விடியற்காலை.

குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுகிறது. வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிறார்கள். துவட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

சுவரின் உச்சியில் தொங்கிக்கொண்டு இருக்கும் அந்தப் பெட்டியை யாராவது நிமிர்ந்து பார்ப்பது உண்டா?

இல்லை.

ஒருநாள் அதில் இருந்து தண்ணீர் சொட்டும். அப்போதுதான் எல்லோரும் பார்ப்பார்கள்.

பெட்டியின் அடியில் வலதுபுறம் ஒரு குழாய். இடதுபுறம் ஒரு குழாய். வலதுபுறக் குழாயின் கழுத்தில் பித்தளையால் ஆன ஒரு சிறிய உருண்டை. அந்த உருண்டைக்கு ஒரு மூக்கு. அந்த மூக்கில் இருந்துதான் "சொட்டு... சொட்டு..." என்று தண்ணீர் விழுகிறது.

உடனே குழாய் வேலை செய்பவருக்கு ஆள் போகும்.

"தம்பி, இது ஒழுகுகிறது. ஒரு மூடி போட்டு அடைத்துவிடு" என்பார், வீட்டு அம்மா.

தொழில் தெரிந்தவராக இருந்தால், ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவார்.

"அம்மா, இதை அடைக்கக் கூடாது" என்பார்.

"ஏன்? கேட்ட காசைத் தருகிறேனே!"

"காசு பெரிது அல்ல, அம்மா. இது ஒழுகல் அல்ல. இது பெட்டி மூச்சு விடுவது. மூக்கை அடைத்தால் என்ன ஆகும்?"

இப்படிச் சொல்லுகிறவர் வந்தால், அந்த வீட்டுக்கு நல்ல காலம். எல்லோரும் இப்படிச் சொல்வது இல்லை. கேட்ட உடனே ஒரு "டம்மி"யைத் திருகி அடைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

சொட்டு நின்றுவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அன்று முதல் அந்த வீட்டில், சுவரில் ஒரு வெடிகுண்டு தொங்குகிறது!

எந்தக் குழாய் எதற்கு?

கீசரில் எத்தனை குழாய்கள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை தெரிந்துவிட்டால், குழாயைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடலாம்.

முதல் குழாய், பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி. சுவரில் நிமிர்ந்து தொங்கும் கீசருக்கு எதிரே நின்று பார்த்தால், பெரும்பாலும் இது வலது கைப்பக்கம் இருக்கும். நீல நிற வளையம் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது குழாய், வெந்நீர் வெளியே வரும் வழி. இது இடது கைப்பக்கம் இருக்கும். சிவப்பு வளையம்.

இரண்டும் பெட்டியின் அடியில்தான் இருக்கின்றன. அப்படியானால் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்துவிடாதா?

கலக்காது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது.

பச்சைத் தண்ணீர்க் குழாய் பெட்டியின் அடியோடு முடிந்துவிடும். வெந்நீர்க் குழாயோ, பெட்டிக்கு உள்ளே நெட்டையாக வளர்ந்து, உச்சி வரை போகும். வெந்நீர் லேசானது. அது எப்போதும் மேலே மிதக்கும். பச்சைத் தண்ணீர் கனமானது. அது அடியில் தங்கும்.

குளியல் அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும், பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது. மேலே உள்ள வெந்நீரைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட வெந்நீர், நெட்டைக் குழாயின் வாயில் புகுந்து, கீழே இறங்கி வருகிறது.

இந்த இரண்டு குழாய்களையும் இடம் மாற்றிப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அப்போது பச்சைத் தண்ணீர் உச்சியில் போய் விழுந்து, வெந்நீரோடு கலந்துவிடும். அடியில் இருந்து வெதுவெதுப்பான தண்ணீர்தான் வரும். "புதுக் கீசர், ஒரு வாளிகூடச் சூடாக வரவில்லையே!" என்று கம்பெனியைத் திட்டுவார்கள். குற்றம் கீசர் மேல் அல்ல. குழாய் மேல்.

இதிலே இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். வெந்நீர்க் குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் நிமிர்ந்த கீசர் காலியாகாது. உள்ளே தண்ணீர் நின்றுகொண்டேதான் இருக்கும். அதை வடிப்பதற்குத்தான் அடியில் ஒரு சிறிய திருகு மூடி வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் பித்தளை உருண்டையிலேயே ஒரு சிறிய கைப்பிடி இருக்கும். பல மாதங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள், மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு, இதன் வழியாக வடித்துவிட்டுப் போவது நல்லது.

ஒரு தம்ளர் தண்ணீர் எங்கே போகும்?

இப்போது அந்தப் பித்தளை மூக்குக்கு வருவோம்.

பால் பொங்குவதை எல்லோரும் பார்த்து இருக்கிறார்கள். தண்ணீர் அப்படிப் பொங்குவது இல்லை. ஆனாலும் சூடு ஏற ஏறத் தண்ணீரும் பெருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் பெருக்கிறது.

25 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கூடிவிடும்.

15 லிட்டர் கீசரில் இது எவ்வளவு? சுமார் 200 மில்லி லிட்டர். அதாவது, ஒரு தம்ளர்.

ஒரு தம்ளர்தானே என்று நினைக்கக் கூடாது. பெட்டி முன்பே நிறைந்து இருக்கிறது. வெந்நீர்க் குழாய் மூடி இருக்கிறது. அந்த ஒரு தம்ளர் தண்ணீர் எங்கே போகும்?

சில வீடுகளில் அது வந்த வழியே திரும்பி, மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறிவிடும். அந்த வீடுகளில் மூக்கு சொட்டாது. அது தவறும் அல்ல.

ஆனால் பல கீசர்களில் பச்சைத் தண்ணீர்க் குழாயில் ஒரு தடுப்பு இருக்கிறது. "என்.ஆர்.வி." என்று குழாய்த் தொழிலாளிகள் சொல்வார்கள். உள்ளே போகும் தண்ணீருக்குக் கதவைத் திறக்கும். திரும்பி வரும் தண்ணீருக்குக் கதவைச் சாத்தும்.

இந்தத் தடுப்பு தேவைதான். இல்லாவிட்டால், மாடித் தொட்டி காலியான நேரத்தில் கீழ் வீட்டுக்காரர் ஒரு குழாயைத் திறந்தால், கீசரில் உள்ள தண்ணீர் பின்பக்கமாக வடிந்துவிடலாம். உள்ளே இருக்கும் சூட்டுக்கம்பி தண்ணீர் இல்லாமல் வெறுமனே காய்ந்து கருகிவிடும்.

தடுப்பு இருக்கிறது. வெந்நீர்க் குழாய் மூடி இருக்கிறது. இரண்டு கதவும் சாத்திய அறைக்குள் கூட்டம் பெருகினால் எப்படி இருக்கும்? நெருக்கடி! அந்த நெருக்கடிதான் அழுத்தம்.

மாடித் தொட்டி கீசருக்கு 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஒரு "பார்". சூடு ஏறும்போது பூட்டிய பெட்டிக்குள் அழுத்தம் இதைப்போல் பல மடங்கு ஏறும்.

அப்போதுதான் பித்தளை உருண்டை வேலை செய்கிறது. அதற்கு உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. பல கீசர்களில் 8 பார் அழுத்தம் வந்ததும் அந்தச் சுருள்வில் பின்வாங்கும். மூக்குத் திறக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வெளியேறும். அழுத்தம் குறைந்ததும் மூக்கு மூடிக்கொள்ளும்.

காலையில் தரையில் கிடக்கும் அந்த ஒரு தம்ளர் தண்ணீருக்கு இதுதான் காரணம்.

மூன்று காவல்காரர்கள்

கீசருக்கு மூன்று காவல்காரர்கள் உண்டு.

முதல் காவல்காரர், தெர்மோஸ்டாட். தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துகிறவர் இவர்தான்.

இவர் தூங்கிவிட்டால்? சூடு ஏறிக்கொண்டே போகும். அப்போது "கட்-அவுட்" என்னும் இரண்டாவது காவல்காரர் மின்சாரத்தை வெட்டிவிடுவார்.

இவரும் தூங்கிவிட்டால்? மூன்றாவது காவல்காரர்தான் அந்தப் பித்தளை மூக்கு.

இவருக்குப் பிறகு யாரும் இல்லை!

முதல் இருவரும் தூங்கி, மூன்றாமவரின் மூக்கையும் அடைத்துவிட்டால் என்ன நடக்கும்?

இதற்கு விடை, வீட்டுச் சமையல் அறையிலேயே இருக்கிறது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரை மூடி "வெயிட்" போட்டால், உள்ளே அழுத்தம் கூடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது.

குக்கரில் "உஸ்..." என்று சத்தம் வந்தால் யாராவது அதன் மூக்கை அடைப்பார்களா? மாட்டார்கள். சிறு பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

இந்த மூக்கைக் கண்டுபிடித்த கதை பழையது. தெனி பாப்பன் என்று ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி இருந்தார். லண்டனில் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1679-ம் ஆண்டில், எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் ஒரு மூடிய பாத்திரத்தை அவர் செய்து காட்டினார். இன்றைய குக்கருக்கு அதுதான் பாட்டன். அழுத்தம் மிஞ்சிப்போய்ப் பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க, அதன் மூடியில் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு எடையைத் தொங்கவிட்டார். அழுத்தம் மிஞ்சினால் எடை தூக்கிக்கொள்ளும். ஆவி வெளியேறும்.

குக்கரின் வெயிட்டும் கீசரின் பித்தளை மூக்கும் அந்தக் குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள்தான்.

கீசரில் இருப்பது குக்கரைப் போல் இரண்டு தம்ளர் தண்ணீர் அல்ல. 15 லிட்டர், 25 லிட்டர்! அது 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் தண்ணீராகவே இருக்கும். பெட்டி எங்காவது ஓர் இடத்தில் கிழிந்தால், அழுத்தம் போய்விடும். அந்த நொடியில் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், அதற்கு 1,600 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். குளியல் அறையில் அவ்வளவு இடம் ஏது?

சுவர்தான் இடம் விட வேண்டும்!

ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த சோகம்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல.

அமெரிக்காவில் ஓக்லகோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். 1982-ம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ந் தேதி. மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இருந்தார்கள்.

பக்கத்தில் சமையல்கட்டு. அங்கே ஒரு வெந்நீர்த் தொட்டி.

திடீர் என்று அது வெடித்தது. சுவர் பிளந்து சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்தது. 6 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் உயிர் இழந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டுப்போய் இருந்தது. அழுத்தத்தை வெளியே விட வேண்டிய பாதுகாப்பு வால்வும் சரியாக இல்லை.

காவல்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் தூங்கிவிட்டார்கள்.

அது பெரிய தொட்டி. வீட்டுக் கீசர் சிறியது. ஆனால் தண்ணீரின் குணம் இரண்டிலும் ஒன்றுதான்.

நல்ல சொட்டு எது? கெட்ட சொட்டு எது?

அப்படியானால் எந்தச் சொட்டையும் கண்டுகொள்ள வேண்டாமா? அப்படி அல்ல. சொட்டைப் பார்த்து நோயைச் சொல்லலாம்.

கீசரைப் போட்ட பிறகு சொட்டுகிறது, நிறுத்திச் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால், அது நல்ல சொட்டு. பெட்டி நலமாக இருக்கிறது.

கீசரைப் போடாதபோதும், இரவும் பகலும் ஓயாமல் சொட்டுகிறது என்றால், அது கெட்ட சொட்டு. மூக்கின் உள்ளே உப்போ மண்ணோ அடைத்துக்கொண்டு, கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். அல்லது வீட்டில் உள்ள அழுத்த மோட்டார் அளவுக்கு மிஞ்சித் தள்ளலாம். வால்வை மாற்ற வேண்டும். அல்லது அழுத்தத்தைக் குறைக்கும் கருவி வைக்க வேண்டும். அப்போதும் அடைக்கக் கூடாது.

மூக்கில் இருந்து கொதிநீரும் ஆவியும் சீறிக்கொண்டு வந்தால், அது அபாய அறிவிப்பு! முதல் இரண்டு காவல்காரர்களும் தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கீசரின் அருகே போகக் கூடாது. குளியல் அறைக்கு வெளியே உள்ள சுவிட்சை, அல்லது வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டும். நன்றாக ஆறிய பிறகு, தெரிந்த ஆளை அழைக்க வேண்டும்.

சொட்டு தரையில் விழுவது தொல்லையாக இருக்கிறதா? மூக்கின் நுனியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, தண்ணீர் போகும் சாக்கடைத் துளைக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம். அந்தக் குழாய் கீழ் நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் மடங்கக் கூடாது. நுனி திறந்தே இருக்க வேண்டும். அதில் ஒரு திருகு குழாயும் வைக்கக் கூடாது.

இன்னொரு தவறும் நடக்கிறது. பித்தளை மூக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கேட் வால்வைப் பொருத்திவிடுவார்கள். யாராவது அதை மூடிவிட்டால் போதும். மூக்கு திறந்து இருந்தும் பயன் இல்லை. மூடும் வால்வு வேண்டுமானால், மூக்குக்கு முன்னால் இருக்கலாம். மூக்குக்கும் பெட்டிக்கும் இடையில் எதுவும் இருக்கக் கூடாது.

பித்தளை உருண்டையின் உடம்பில் ஓர் அம்புக்குறி பொறித்து இருக்கும். அது பெட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். அம்பு வேறு பக்கம் பார்த்தால், வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

மொட்டை மாடியில் ஒரு கொம்பு

வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சோலார் ஹீட்டர், பல வீடுகளின் மாடியில் இருக்கிறது. அதன் தொட்டியின் தலையில் ஒரு குழாய், கொம்பு போல நிமிர்ந்து நிற்கும். அது எங்கேயும் போகாது. எதனோடும் சேராது. வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும். அல்லது வாய் கவிழ்ந்து இருக்கும்.

"இது என்ன, வேலை முடியாமல் பாதியில் விட்டுப் போய்விட்டார்களா?" என்று தோன்றும். கொசு போகும், இலை விழும் என்று சிலர் அதை இறுக மூடிவிடுவார்கள்.

இதுவும் ஆபத்து!

அதுதான் அந்தத் தொட்டியின் மூச்சுக் குழாய். வெயில் ஏறும்போது உள்ளே உள்ள காற்றும் ஆவியும் அதன் வழியாக வெளியேறும். பச்சைத் தண்ணீர் வராத நேரத்தில் வெந்நீரைப் பிடித்தால், வெளியே இருந்து காற்று அதன் வழியாக உள்ளே நுழையும். மூடிவிட்டால், வெயில் நேரத்தில் தொட்டி உப்பும். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் தொட்டி ஒடுங்கும். சப்பிய பனங்கொட்டை போல ஆகிவிடும்!

அந்தக் கொம்பு, பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். கொசுவுக்குப் பயந்தால், வாயில் சிறு வலை கட்டலாம். மூடி போடக் கூடாது.

சமையல் தொட்டிக்கு மேலே மாட்டும் சில சிறிய ஹீட்டர்களிலும் இதே கதைதான். அவற்றில் வெந்நீர் வரும் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். திருகு குழாய், பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் பக்கத்தில்தான் இருக்கும். சூடாகும்போது வாயில் இருந்து சொட்டும். அதை நிறுத்துவதற்காக வாயில் ஒரு குழாயைப் பொருத்தினால், அழுத்தம் தாங்கும்படி செய்யப்படாத அந்தப் பாத்திரம் வெடித்துவிடும்.

காஸ் கீசரில் இன்னொரு குழாய் உண்டு. அது தண்ணீருக்காக அல்ல. புகைக்காக. லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் 1868-ம் ஆண்டில் காஸ் கீசரைச் செய்தபோது, அதில் புகைபோக்கி இல்லை. இன்றும் புகைபோக்கி இல்லாத காஸ் கீசர்கள், காற்றோட்டம் இல்லாத குளியல் அறைகளில் இருக்கின்றன. காஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷக்காற்று வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுவார். அங்கே இருக்கும் குழாயைவிட, இல்லாத குழாயே ஆபத்தானது!

உருகிப்போகும் கம்பி

கீசரில் வெளியே தெரியாத ஓர் உறுப்பும் உண்டு. அடிமூடியைக் கழற்றினால் ஒரு பெரிய மரைத்தலை தெரியும். அதைப் பார்த்து, "இது அடைத்துப்போன குழாய் வாய்" என்று நினைப்பவர்கள் உண்டு. அது குழாய் அல்ல. அதன் பின்னால் உள்ளே நீண்டு இருப்பது மக்னீசியம் கம்பி.

தண்ணீரில் உள்ள உப்பு, இரும்புப் பெட்டியை அரிக்கப் பார்க்கும். மக்னீசியம் அருகில் இருந்தால், அரிப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். கம்பி கரையும், பெட்டி பிழைக்கும்.

இந்த வழியைக் கண்டவர் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி. கடல் உப்பு, கப்பல்களின் அடியில் போட்ட செப்புத் தகட்டை அரித்தது. 1824-ம் ஆண்டில், செம்போடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டைச் சேர்த்து வைத்தால் செம்பு தப்பிவிடும் என்று அவர் காட்டினார்.

கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்பாக இருக்கும் ஊர்களில் இந்தக் கம்பி சீக்கிரம் தேய்ந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும். தேய்ந்து இருந்தால் மாற்ற வேண்டும். கம்பி தீர்ந்த பிறகு, உப்பு பெட்டியைத் தின்னத் தொடங்கும். அப்போது பெட்டியின் உடம்பில் இருந்தே தண்ணீர் கசியும். அந்தக் கசிவுக்கு மருந்து இல்லை.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், முதல் வாரத்திலேயே கீசரின் குழாய்களை அடையாளம் கண்டுகொள்வது நல்லது. பெரிய படிப்பு தேவை இல்லை.

முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். தண்ணீர் ஆறட்டும். மின்சாரம் ஓடும்போது ஈரக் கையோடு கீசரைத் தொடக் கூடாது. அடிமூடியைக் கழற்றுவது மின்சாரம் தெரிந்தவர் வேலை.

கீசருக்குள் போகும் குழாயில் உள்ள வால்வை மூடுங்கள். பிறகு குளியல் அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். சிறிது வந்து நின்றுவிட்டால், நீங்கள் மூடியது பச்சைத் தண்ணீர் வழிதான்.

நிற்காமல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் எங்கோ பச்சைத் தண்ணீர், வெந்நீர்க் குழாயில் கலக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி, வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய்தான். அதன் இரண்டு திருகும் திறந்து இருந்து, வாய் மட்டும் மூடி இருந்தால், ஒரு குழாயின் தண்ணீர் மறு குழாய்க்குள் புகுந்துவிடும். "பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வருகிறதே!" என்ற அதிசயத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு குழாயின் சாதியைப் பாருங்கள். பச்சைத் தண்ணீருக்கு உள்ள சாதாரண பி.வி.சி. குழாய், 60 டிகிரிக்கு மேல் தாங்காது. இளகி வளைந்துவிடும். வெந்நீருக்குச் சி.பி.வி.சி. குழாய் வேண்டும். அது 90 டிகிரி வரை தாங்கும். பெரும்பாலும் சந்தன நிறமாக இருக்கும். பெயர் குழாயின் மேலேயே அச்சிட்டு இருக்கும். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்து பிள்ளைகளின் முதுகைக் காப்பாற்றும்.

இவ்வளவும் பார்த்த பிறகும், வேலை தெரியாத குழாய் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால், அதற்கு ஒரே ஒரு விதி.

எதற்கு என்று தெரியும் வரையில், எதையும் அடைக்கக் கூடாது!

அந்தக் காலத்துப் பாட்டியும் அறிவார்

அந்தக் காலத்தில் கொல்லைப்புறத்தில் செப்புப் பாய்லர் இருந்தது. கரி போட்டு மூட்டுவார்கள். மேலே ஒரு மூடி. அதை யாரும் இறுகத் திருகி மூடியது இல்லை. ஆவி அதன் இடுக்கு வழியாகப் புகைந்து போகும். "ஆவி போக வழி விடு" என்று பாட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் கண்ணால் பார்த்தார், தெரிந்துகொண்டார்.

இன்றைக்குப் பெட்டி சுவரில் ஏறிவிட்டது. நெருப்புக் கண்ணுக்குத் தெரிவது இல்லை. ஆவியும் தெரிவது இல்லை. தெரிவது ஒரே ஒரு சொட்டுத்தான்.

அது பேசும் மொழி புரிந்துவிட்டால் பயம் இல்லை.

இன்று மாலை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பித்தளை மூக்கு இருக்கிறதா? திறந்து இருக்கிறதா? யாராவது அதில் "டம்மி" போட்டு இருக்கிறார்களா? போட்டு இருந்தால், கீசரைப் போடாதீர்கள். நாளைக் காலையில் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளியுங்கள். ஆளை அழைத்து, அடைப்பை எடுத்து, வால்வைப் புதிதாக மாற்றிய பிறகு கீசரைப் போடுங்கள்.

சொட்டினால் சொட்டட்டும். ஒரு தம்ளர் தண்ணீர் போனால் போகட்டும்.

வீடு முழுவதும் தூங்கும்போதும், விழித்துக்கொண்டு இருக்கும் காவல்காரர் அவர்!